36-க்கு அப்புறம்
வாசகர் கேள்விகளுக்கு ஸ்டூடியோக்காரர் பதில்கள்

சென்ற இதழில் என் பழைய நிக்கான் எஃப்எம்2-வைத் துடைத்து வைத்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், பீரோவில் பிலிம் கேமரா வைத்திருக்கிற அத்தனை பேரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் சொல்கிறேன். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னிடமும் நிக்கான் எஃப்எம்2 இருக்கிறது. 28, 50, 105 என்று மூன்று லென்ஸ்கள். மகன் டிஜிட்டல் வாங்கித் தருகிறேன் என்கிறான். பழைய லென்ஸ்களை அதில் மாட்ட முடியுமா? (ஒரு வாசகர், தேவகோட்டை)

மாட்டலாம் சார். ஆனால் மகன் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்ட் என்ற லென்ஸ் பூட்டும் வாயைத்தான் நிக்கான் தன் டிஜிட்டல் எஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கேமரா) வரைக்கும் வைத்திருந்தது. வாய் ஒன்றுதான், உள்ளே பாஷை வேறு. உங்கள் லென்ஸில் இருப்பது கண்ணாடியும் வளையமும் மட்டுமே. டி3400, டி5600 மாதிரிச் சின்ன பாடிகளில் அது ஏறும், படமும் விழும், ஆனால் மீட்டர் ஊமையாகிவிடும். வெளிச்சத்தை நீங்களே கணக்குப் போட வேண்டும். டி7000, டி7100, டி7200, பெரிய சென்சார் (பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்குகிற தகடு) வகையில் டி700, டி610, டி750, டி850 இவற்றில் லென்ஸின் அளவை மெனுவில் ஒருமுறை குறித்துவிட்டால் மீட்டர் வேலை செய்யும். டி7500 என்பதைப் பார்த்து, எண் பெரிதாயிற்றே என்று வாங்கிவிடாதீர்கள். லென்ஸ் வளையம் எங்கே நிற்கிறது என்று பாடிக்குச் சொல்கிற தொடர்பை அதில் எடுத்துவிட்டார்கள், மீட்டர் பேசாது.

அடுத்தது சென்சார் அளவு. நம் பிலிமில் ஒரு பிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். டி7200 போன்றவற்றில் சென்சார் ஏறக்குறைய 24-க்கு 16தான். அதனால் உங்கள் 50 எம்எம், 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். 28 எம்எம், 42 ஆகிவிடும். பேரன் பேத்திகளை நிறுத்திவைத்து குரூப் எடுக்கப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் முதுகு சுவரில் முட்டும்.

உங்கள் வயதையும் என் வயதையும் உத்தேசித்து இன்னொன்று. எஃப்எம்2-வில் நடுவில் ஒரு வட்டம் இருக்கும், படம் இரண்டாகப் பிளந்து நிற்கும், ஒன்று சேர்ந்தால் ஃபோகஸ். டிஜிட்டல் எஸ்எல்ஆரில் அந்த வட்டம் கிடையாது. கையால் ஃபோகஸ் வைத்து நான் பாழாக்கிய படங்களுக்குக் கணக்கில்லை. அதனால் பழைய லென்ஸ்தான் வேண்டும் என்றால் மிரர்லெஸ் (உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போங்கள். நிக்கான் இசட் வகையில் எஃப்டிஇசட் என்ற அடாப்டரைப் போட்டு உங்கள் மூன்றையும் மாட்டலாம். மீட்டர் பேசும். ஃபோகஸ் விழுந்த ஓரங்களைத் திரையில் கலராகக் காட்டும், இடத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். 2021-ல் வந்த இசட் எஃப்சியும் 2023-ல் வந்த இசட் எஃப்பும் எஃப்எம்2-வின் தோற்றத்தை வைத்தே செய்தவை. கையில் எடுத்தால் பழைய சிநேகிதரின் பையனைப் பார்ப்பது போல இருக்கும். இரண்டில், உங்கள் 28 எம்எம் 28 ஆகவே தெரிய வேண்டுமானால் இசட் எஃப், அதன் சென்சார்தான் பிலிம் பிரேம் அளவு.

கேள்வி: பிலிமில் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டலில் வெள்ளை வேட்டி எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிறது. கேமராவில் கோளாறா? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

கேமராவில் இல்லை, நம் கையில். நீங்கள் நெகட்டிவ் பழக்கத்திலேயே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் 1979-ல், பதினைந்து வயதில், ஸ்டூடியோவில் பையனாகச் சேர்ந்தேன். யாஷிகா மேட் 124ஜி, 120 ரோல், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அங்கே முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "குறைச்சுக் கொடுக்காதே, கூடக் கொடு." நூறு ஸ்பீடு கலர் ரோலைப் போட்டுவிட்டு மீட்டரில் 80 என்று வைப்போம், வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக விழட்டும் என்று. ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) வெளிச்சம் கூடினாலும் நெகட்டிவ் கெட்டியாகும், அவ்வளவுதான். பிரிண்ட் போடுகிறபோது வேட்டியின் மடிப்பு திரும்ப வந்துவிடும். குறைந்தால்தான் ஆபத்து. நிழலில் இருக்கிற பாட்டி முகம் சேறாகிவிடும்.

நெல் அளக்கிற படியை நினைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் குவித்து அளக்க விடும். சென்சார் தலைதட்டி அளக்கும். விளிம்புக்கு மேல் போன நெல்லை போட்டோஷாப் வைத்துப் பொறுக்க முடியாது. ஸ்லைடு பிலிமில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும், அவர்கள் டிஜிட்டலில் தடுமாறவே இல்லை.

மெனுவில், வெளிச்சம் எரிந்துபோன இடங்கள் மினுக்கி மினுக்கிக் காட்டுகிற வசதி இருக்கும். அதைப் போட்டு வையுங்கள். வேட்டி மினுக்கினால் அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறையுங்கள். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், அதில் டிஜிட்டல் தாராளம்தான். முடிந்தால் ராவ் (RAW) என்கிற, கேமரா திருத்தாத கோப்பாக எடுங்கள். ஜேபெக் என்பது கேமராவே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்த மாதிரி. ராவ்தான் நெகட்டிவ்.

கேள்வி: நீங்கள் எப்போது மாறினீர்கள்? மாறியதில் வருத்தம் உண்டா? (ஒரு வாசகி, மயிலாடுதுறை, இதையே இன்னும் பலர்)

2005, தை மாதம். நானாக மாறவில்லை, மாற்றிவிட்டார்கள். கும்பகோணத்தில் 1988-லிருந்து சொந்த ஸ்டூடியோ. அக்கம்பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் மண்டபத்திலேயே கேமராவின் முதுகைத் திருப்பி, "எப்படி இருக்கு பாருங்க" என்று பெண் வீட்டாரிடம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடம் வந்தவர்கள், "சிடி கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். சீட்டு எடுத்து நிக்கான் டி70 வாங்கினேன். 6.1 மெகாபிக்சல். 512 எம்பி கார்டு இரண்டு. அந்தக் கார்டைக் கையில் வாங்கியபோது, இத்தனூண்டு பிஸ்கட்டுக்குள் நாலு ரோல் படம் போகும் என்று கடைக்காரர் சொன்னதை நான் நம்பவில்லை.

முதல் கல்யாணம். இரவு மாப்பிள்ளை அழைப்பு. வீடியோக்காரரின் ஹாலஜன் வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாக விழுந்தது. பிலிம் என்றால் நீல ஃபில்டர் போடவேண்டும், இல்லையென்றால் லேப்பில் சொல்லித் திருத்த வேண்டும். இதிலோ பல்பு படம் போட்ட அமைப்புக்கு மாற்றினால் போதும். மாற்றினேன், மஞ்சள் ஓடிப்போயிற்று. சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலை ஆறு மணி முகூர்த்தம். பிளாஷ் போட்டு எடுத்தேன். பல்பு அமைப்பை மாற்றவில்லை. மாலை மாற்றியது, கன்னிகாதானம், தாலி கட்டு, மூன்று முடிச்சு, பொரி இடுவது என்று வரிசையாக நூற்று நாற்பது படம். எல்லாம் நீலம். மாப்பிள்ளையும் பெண்ணும் கிருஷ்ண வேஷம் கட்டிய மாதிரி. திரை பின்னாலேயே இருந்தது, ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும். இருபத்தாறு வருஷம் பார்க்காமல் எடுத்துப் பழகிய கண்ணுக்கு, பார்க்கலாம் என்பதே ஞாபகம் வரவில்லை. அதுவும் ஜேபெக். என் பெண் அப்போது காலேஜ் முதல் வருஷம். மூன்று ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முகங்களைக் கொண்டுவந்தாள். கூறைப் புடவை மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா, "எம்பொண்ணு புடவை அரக்குல்ல? இது ஏன் கத்தரிப்பூவா இருக்கு?" என்றார். நான் மண்டப விளக்கைக் குறை சொன்னேன். பொய்தான்.

பிலிமில் மட்டும் தப்பு நடக்காதா என்றால், அது வேறு மாதிரிப் பயம். எஃப்எம்2-வில் ஒவ்வொரு படத்துக்கும் லீவரை இழுக்கும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினால்தான் உள்ளே ரோல் நகர்கிறது என்று அர்த்தம். 1993-ல் ஒரு நிச்சயதார்த்தத்தில் பார்க்காமல் விட்டேன். அந்த ரோலில் 36 படம்தான். அதைத் தாண்டியும் லீவர் போய்க்கொண்டே இருந்தபோதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. ரோலின் நாக்கு ஸ்பூலில் பிடிக்கவே இல்லை. ஒரு படம்கூட இல்லை. தட்டு மாற்றியதை இன்னொரு தடவை மாற்றச் சொல்ல முடியுமா? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குக் காசு வாங்காமல் எடுத்துக்கொடுத்தேன்.

வருத்தம் என்றால் இதில் எதுவும் இல்லை அம்மா. என் வருத்தம் 2009-ல் நடந்தது.

பிலிம் காலத்தில் நெகட்டிவ்களைக் கவரில் போட்டு பில் நம்பர் எழுதி மரப்பெட்டியில் அடுக்கி வைப்பேன். யாரும் கேட்டதில்லை, முதலாளி செய்தார், நானும் செய்தேன். ஒரு மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தின் ஓட்டு வீடு இடிந்து எல்லாம் போயிற்று. அந்த அம்மாள் வந்து, 1991-ல் எடுத்த கல்யாணம், அவர் முகம் இருக்கிற படம் ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்டார். அவர் என்றால் இறந்துபோன கணவர். பில் நம்பர் தெரியாது, மாசம் மட்டும் தெரியும். அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். பதினாலு வருஷம் கழித்தும் நெகட்டிவ் அப்படியே இருந்தது.

2009-ல் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் காலையில் டக் டக் என்று சத்தம் போட்டது. பல்லி கத்துகிறது என்று நினைத்தேன். பதினொரு கல்யாணம் உள்ளே. ஒன்பதுக்கு ஆல்பம் கொடுத்தாகிவிட்டது. ஒன்று, அதிர்ஷ்டவசமாகக் கார்டில் அழிக்காமல் இருந்தது. மிச்சம் ஒன்று. கணக்கில் ஏழெட்டு ரோல் அளவுக்குப் படம், ஒன்றுகூட இல்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் தாத்தா ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பி, எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து மூன்று பிரதி. ஸ்டூடியோவில் ஒரு டிஸ்க், வீட்டில் ஒரு டிஸ்க், வாடிக்கையாளர் கையில் ஒன்று. டிஸ்க்குகளை வருஷத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். நாலைந்து வருஷத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுவேன். பிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு எட்டுப் பத்து ரோல், முந்நூறு சொச்சம் படம். இப்போது மூவாயிரம் எடுக்கிறார்கள். கேட்டால், எல்லாம் போனில் இருக்கிறது என்கிறார்கள்.

கேள்வி: டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்ததே கோடாக்தான் என்கிறானே என் நண்பன்? பந்தயம் கட்டியிருக்கிறேன். (ஒரு வாசகர், சேலம்)

பந்தயக் காசைக் கொடுத்துவிடுங்கள். 1975-ல் கோடாக் என்ஜினியர் ஸ்டீவன் சாஸன் செய்தது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆகும், டிவியில்தான் பார்க்க வேண்டும். பிலிம் விற்றே பிழைத்த கம்பெனிக்கு, பிலிம் வேண்டாத கேமரா மேல் ஆசை வருமா? 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. ஆனால் பிலிம் தயாரிப்பை அடியோடு விட்டுவிடவில்லை, இன்றும் செய்கிறது.

கோடாக்குக்காக அழுகிறவர்கள் நம் ஊட்டியையும் நினைக்கலாம். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், அரசாங்க கம்பெனி, அதுவும் மூடிப்போயிற்று. அவர்களுடைய "இந்து" கறுப்பு வெள்ளை பிலிமில்தான் நான் கழுவப் பழகினேன்.

கேள்வி: மறைந்த என் தந்தை எடுத்த நெகட்டிவ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, சில ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்ற வழி உண்டா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

உண்டு. அவசரப்படாதீர்கள், அதுதான் முக்கியம். பூத்திருப்பது பூஞ்சை. தண்ணீரில் மட்டும் போடாதீர்கள் அம்மா. பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் இளகியிருக்கும், படமே கரைந்து ஓடிவிடும். ஒட்டிக்கொண்டவற்றை இழுக்கவும் வேண்டாம், அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் பிலிமின் அசிடேட் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது. அந்த வாசனை வருகிறவற்றை மற்றவையோடு வைக்காமல் பிரித்துவிடுங்கள், அவற்றை முதலில் ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்கு ஸ்கேனர் வாங்கலாம், ஆனால் மூடியிலும் விளக்கு உள்ள வகையாக இருக்க வேண்டும். ஆபீஸில் காகிதம் ஸ்கேன் பண்ணுகிறது உதவாது. வீட்டில் மேக்ரோ (மிக அருகில் வைத்து எடுக்கிற) லென்ஸோடு டிஜிட்டல் கேமரா இருந்தால் அதுவே மேல். வெள்ளை எல்இடி பலகை ஒன்று வாங்கி, அதன் மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, மேலிருந்து ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஸ்பீடு ஐஎஸ்ஓ 100, கோப்பு ராவ் என்று வைத்து எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள், முந்தானையால் துடைக்க வேண்டாம். அப்புறம் கம்ப்யூட்டரில் தலைகீழாக்க வேண்டும். கறுப்பு வெள்ளை உடனே வந்துவிடும். கலர் நெகட்டிவ் முழுக்க ஒரு ஆரஞ்சுத் திரை இருப்பதால் திருப்பினால் எல்லாம் நீலமாகத் தெரியும். பிலிமின் ஓரத்து வெற்றுப் பகுதியை வைத்து அந்த ஆரஞ்சை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் உள்ள எழுத்து நேராகப் படித்தால் படம் சரியான பக்கம். இல்லையென்றால் உங்கள் தந்தை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாளைக்கு இருபது போதும். ஏற்றி முடித்தபின் நெகட்டிவைத் தூக்கிப்போடாதீர்கள்.

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். பிலிமில் பழகினால்தான் போட்டோகிராபி வரும் என்கிறார்களே அண்ணா? (ஒரு மாணவர், திருநெல்வேலி)

வராது என்றும் சொல்லமாட்டேன், வரும் என்றும் சொல்லமாட்டேன் தம்பி. பிலிம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது சிக்கனம். அது காசு இல்லாததால் வந்தது, பிலிமால் அல்ல. அப்போது நூறு ரூபாய்க்குக் கிடைத்த ரோலுக்கு இன்று என்ன விலை என்று விசாரித்துப் பார். அந்தக் காசில் ரயிலேறி ஒரு ஊருக்குப் போய் எடு. பின்திரையில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள், காலையிலிருந்து 36 படம்தான் என்று வைத்துக்கொள், மறுநாள்தான் பார்க்க வேண்டும். ஒரு மாசம் செய். என் பெண்ணுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் நாலு நாளில் டேப்பைப் பிய்த்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: பழைய மெட்ஸ் பிளாஷ் இருக்கிறது. புது கேமராவில் போடலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

அளந்து பார்க்காமல் போடாதீர்கள். பழைய பிளாஷ்கள் சிலவற்றில், கேமராவைத் தொடுகிற ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட் வரைக்கும் நிற்கும். எஃப்எம்2-வுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்கு உயிர் போய்விடும். பிளாஷை ஆன் செய்து சார்ஜ் ஏறியபின் எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, கேமராவின் புத்தகத்தில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். அல்லது சும்மா இருங்கள், புது பிளாஷ் வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவின் பீரோவில் ஒரு பிலிம் ரோல் கிடைத்தது. எத்தனை வருஷம் ஆனதோ. கழுவினால் படம் வருமா, அல்லது அது புது ரோலா? (ஒரு வாசகர், திருச்சி)

ரோலின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எடுக்காத ரோல். முழுதும் உள்ளே போயிருந்தால் எடுத்தது. டப்பாவின் மேல் சி-41 என்று போட்டிருந்தால் கலர் நெகட்டிவ். அதை இன்றும் கழுவுகிறார்கள். 38 டிகிரி செல்சியஸ், டெவலப்பரில் மூன்றேகால் நிமிஷம், அன்றைக்கும் இன்றைக்கும் அதே கணக்குதான். ஆனால் தெருமுனை லேப்பில் இப்போது கிடையாது, பெரிய நகரங்களில் சிலர் மட்டும் செய்கிறார்கள். கொடுக்கும்போது பழைய ரோல் என்பதைச் சொல்லுங்கள். கலர் வெளுத்திருக்கும், புள்ளி புள்ளியாக வரும், பீரோ இருந்த இடம் சூடாக இருந்தால் சில படம் வராமலும் போகலாம். கறுப்பு வெள்ளையாகவாவது முகம் தெரியும்.

அதுவரை டப்பாவோடு குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இழுத்துப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா, அதில் என்ன இருக்கிறதென்று?